வித்துத் தேடிய வவிலோவ்

என்னிடம் பல்லாண்டுகளுக்கு முன் பாலபண்டித வகுப்பிற் பயின்ற மாணாக்கர் ஒருவர் இப்பொழுது வன்னியிலே கமஞ் செய்கின்றார். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாட் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையிலே சாக்குத் துண்டொன்றிற் சுற்றிய கச்சான் செடிகள் சில இருந்தன. வேரோடு பிடுங்கிய அச்செடிகளைத் திண்ணையிலே பரப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். இலைகளிலே கபில நிறப் புள்ளிகளும் கரும்புள்ளிகளும் நெருங்கிக் கிடந்தன. சில புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வளையம் இட்டாற்போல் இருந்தது. கீழிலைகள் உதிர்ந்து போக, மேலே ஒரு கொத்து மாத்திரமே எஞ்சியிருந்தது. காயை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பருப்புச் சூம்பிக் கிடந்தது.

நோயின் பெயரையும் தெளிக்க வேண்டிய மருந்தையும் விவசாய உத்தியோகத்தர் அவருக்குச் சொல்லியிருந்தார். இருமுறை தெளித்துமிருந்தார்; அதனாற் கடனும் பட்டிருந்தார். ஆனால் அவர் என்னிடம் கேட்க வந்தது மருந்தைப் பற்றியன்று. ஒரே தறையில், ஒரே மழையில், ஒரே நாளில் ஊன்றிய செடிகளுள் இரண்டு மாத்திரம் பச்சை மாறாமல் நின்றது எப்படி என்பதே அவருடைய வினா. முப்பது ஆண்டுகளாக நன்னூல் படிப்பித்த எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லி அனுப்பினேன். அவர் போய்விட்டார், வினா போகவில்லை.

விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களிடம் நூல்களை இரவல் வாங்கி, விளங்கியும் விளங்காமலும் சில மாதங்கள் படித்தேன். இதே வினாவுக்காகத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட ஒருவர் இருந்தார் என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அவர் பெயர் நிக்கொலாய் இவானோவிச் வவிலோவ். ருஷ்ய தேசத்தவர். உலகத்தாரின் உணவுக்காக வித்துத் தேடியவர் சிறையிலே பட்டினியால் இறந்தார் என்று அவர் கதையை ஒரு வாக்கியத்திற் சொல்லி முடிப்பவர் பலர். அது உண்மையே. ஆயினும் அவ்வொரு வாக்கியத்தோடு அமைந்துவிட்டால் அவர் எதைத் தேடினார், ஏன் தேடினார் என்பவை மறைந்துபோகும்.

இவ்வரலாற்றின் முதல் இழை நம் நாட்டிலே தொடங்குகின்றது என்றால் வாசகர் வியப்படையக்கூடும். 1869ஆம் ஆண்டிலே இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த நோயொன்று தோன்றியது. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, அந்தப் பங்கசுக்கு இங்கிலாந்திலே பெயரிட்டவர் பேர்க்லி என்னும் பாதிரியார். அவரே 1875ஆம் ஆண்டில், அமெரிக்கரான கேட்டிஸ் என்பவரின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து, நிலக்கடலை இலையிற் கரும்புள்ளி விளைக்கும் பங்கசு ஒன்றையும் முதன்முதலாக விவரித்தார். நம் கோப்பியைக் கெடுத்ததற்கும் நம் கச்சானைக் கெடுப்பதற்கும் பெயர் வைத்தவர் ஒருவரே என்று படித்தபொழுது, என் திண்ணையிற் கிடந்த செடிகள் மீண்டும் என் கண்முன் வந்தன.

கோப்பி நோயை ஆராய 1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் இங்கு அனுப்பப்பட்டார். காற்றிலே பறந்துவரும் நுண்ணிய வித்தி இலையின் ஈரத்தில் முளைத்து, இலைவாயின் வழியே உட்புகுவதை அவர் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது நோய்க்கு விருந்து வைத்ததாயிற்று என்பதையும் அறிந்தார். கோப்பியைக் காக்க அவரால் இயலவில்லை. பின்னர்த் தேயிலை வந்தது நாம் அறிந்ததே. நாடு திரும்பிய வார்ட் 1895ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜிலே தாவரவியற் பேராசிரியரானார். அவர் கீழ்ப் பணியாற்றியவருள் ஒருவர் றோலன்ட் பிஃபென்.

பிஃபென் செய்தது நோயை ஆராய்வதன்று; நோய் வாராத செடியை ஆராய்வது. கோதுமையின் மஞ்சட் துருநோய்க்கு ஆளாகும் வர்க்கத்தையும் ஆளாகாத வர்க்கத்தையும் கலந்தார். முதற் தலைமுறைச் செடிகள் யாவும் நோயுற்றன. வேறொருவராயின் அங்கேயே கைவிட்டிருப்பர். பிஃபென் அவற்றின் மணிகளை மீண்டும் விதைத்தார்; நாலிலொரு பங்குச் செடிகள் நோயின்றி நின்றன. பாட்டனிடம் இருந்த குணம் தந்தையிடம் மறைந்து பேரனிடம் வெளிப்படுதல் போன்றது இது. நோயை எதிர்க்கும் தன்மை மண்ணின் தயவாலோ மழையின் தயவாலோ வருவதன்று, வித்தின் வழியே கணக்காக இறங்கிவருவது என்று 1905ஆம் ஆண்டில் அவர் நிறுவினார். பின்பு ஆங்கிலக் கோதுமையொன்றை ருஷ்யக் கோதுமையொன்றோடு கலந்து, துருநோயை நன்கு தாங்கும் லிற்றில் ஜோஸ் என்னும் வர்க்கத்தை உண்டாக்கினார். அந்தப் பிஃபெனிடம் 1913ஆம் ஆண்டிலே ருஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்த இளைஞரே வவிலோவ்.

வவிலோவ் 1887ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி மொஸ்கோவிலே பிறந்தார். தந்தையார் குடியானவர் குடும்பத்தில் தோன்றி வணிகத்தால் உயர்ந்தவர்; மகனும் அவ்வழியே செல்லவேண்டும் என்று வணிகப் பள்ளியிற் சேர்த்தார். மகனோ அதை முடித்துக்கொண்டு கமத்தொழிற் கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே முதலிற் செய்த ஆராய்ச்சி வயல்களை அழிக்கும் ஓடில்லா நத்தைகளைப் பற்றியது. நத்தையைத் தொடர்ந்து துருநோய். துருநோயைத் தொடர்ந்து அதற்கு ஆளாகாத செடி. இளம்பருவத்திலேயே அவருடைய வினா உருவாகிவிட்டது. இங்கிலாந்திற் பிஃபெனிடமும், பிறப்புரிமையியலுக்கு ஆங்கிலத்திற் பெயர் வைத்த பேற்சனிடமும் பயின்று, 1914ஆம் ஆண்டு யுத்தம் மூண்டதும் ஊர் திரும்பினார்.

1916ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். வட பாரசீகத்தில் நின்ற ருஷ்யப் போர்வீரர்கள் ரொட்டி தின்றதும் வெறி கொண்டவர்போல் மயங்கி விழுந்தனர். காரணம் அறிய வவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையோடு கலந்து விளைந்த ஒருவகைக் களைப்புல்லின் நச்சு மணிகள் மாவிற் சேர்ந்தமையே காரணம் என்று கண்டார். ஆனால் எல்லையிலே அவரைக் காவலர் பிடித்து வைத்துக்கொண்டனர். கையிலே பிறமொழி நூல்களும் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பும் இருந்தமையால் ஜெர்மானியரின் ஒற்றர் என ஐயுற்றனர். சில நாட்களில் உண்மை தெரிந்து விட்டுவிட்டார்கள். இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அவரை ஆங்கிலேயரின் ஒற்றர் என்று பிடித்தவர்கள் விடவில்லை. பாரசீகத்திலிருந்து அவர் பாமீர் மலைவரை சென்று, குதிரை செல்லவும் அஞ்சும் பாதைகளிலே கோதுமையும் றைத் தானியமும் சேர்த்துக்கொண்டு வந்தார்.

1919ஆம் ஆண்டிலே தொற்றுநோய்களைத் தாங்கும் தாவரங்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. இதன் கருத்தைச் சிறிது விரித்துச் சொல்லுதல் நலம். என் மாணாக்கர் கேட்ட வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. சில நோய்ப் பங்கசுகள் கண்ட பயிரையெல்லாம் தாக்குவன. வேறு சில ஓரினத்தை மாத்திரமே பற்றி வாழ்வன. முதல் வகையை எதிர்க்கும் வர்க்கம் கிடைத்தல் அரிது. இரண்டாவது வகையை எதிர்க்கும் வர்க்கம் எங்கேனும் இருக்கும், தேடினாற் கிடைக்கும் என்பது வவிலோவின் முடிபு. எல்லார் வீட்டிலும் புகுந்து உண்பவனுக்கு ஒரு கதவு அடைத்தால் என்ன, மறு கதவு திறந்திருக்கும். ஒரு வீட்டையே நம்பி வாழ்பவனை அவ்வீட்டார் ஒரு தாழ்ப்பாளால் தடுத்துவிடலாம். நிலக்கடலையின் இலைப்புள்ளிப் பங்கசுகளும் துருப் பங்கசும் இந்த இரண்டாம் வகையின.

அப்படியாயின் எங்கே தேடுவது? இவ்வினாவே அவரை ஐந்து கண்டமும் அலைய வைத்தது. பயிரும் அதன் நோயும் பன்னெடுங்காலம் ஒருங்கு வாழ்ந்த இடத்திலே, நோயைத் தாங்காதவை மடிந்து தாங்கியவை எஞ்சியிருக்கும். ஆகவே ஒரு பயிரின் பிறந்தகத்துக்கும், அங்கே வேலியோரத்திலும் மலைச்சரிவிலும் காட்டிலும் நிற்கும் அதன் உறவினங்களுக்கும் போகவேண்டும் என்று அவர் உணர்ந்தார். பிறந்தகம் எது என்று அறிவது எப்படி? ஒரு பயிரின் வேறுபாடுகள் எங்கே மிகுதியோ அங்கேயே அதன் தொட்டிலைத் தேடினார். இம்முறை எல்லாப் பயிர்க்கும் பொருந்தவில்லை என்று பின்வந்தோர் காட்டியுள்ளனர். ஆயினும் வித்துத் தேடுவார்க்கு இன்றும் அவர் வரைந்த படமே முதற் படமாயிருக்கின்றது.

1917ஆம் ஆண்டு முதல் வொல்கா நதிக்கரையிலுள்ள சராற்றோவ் நகரிலே பேராசிரியராயிருந்தார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்த காலம். அங்கேதான் 1920ஆம் ஆண்டு, பயிர்விருத்தி செய்வோர் கூடிய மாநாட்டில் ஒத்த வரிசை விதி என்னும் தம் கொள்கையை வெளியிட்டார். அவையோர் அதைத் தனிமங்களின் அட்டவணை கண்ட மெண்டலேவின் விதியோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். விஞ்ஞானிகளுக்கு அது எப்படித் தோன்றிற்றோ அறியேன். இலக்கணம் படித்த எனக்கு அது வினைமுற்று வாய்பாடு போலத் தோன்றியது. ஒரு வினையடிக்கு இன்னின்ன வடிவங்கள் உள எனத் தெரிந்தால், அதனை ஒத்த மற்றொரு வினையடிக்கும் அவ்வடிவங்கள் உண்டெனத் துணியலாம். இலக்கியத்தில் ஒன்று கிடையாவிடின் அது இல்லையென்பதன்று, இன்னும் கண்ணிற் படவில்லை என்பதே. கோதுமையில் உள்ள வேறுபாடுகள் றைத் தானியத்திலும் வரிசையாய் இருக்கும் என்றார் வவிலோவ். கோதுமையிலை தண்டோடு சேருமிடத்தில் நாப்போன்ற மெல்லிய சவ்வொன்று உண்டு. அது இல்லாத றைத் தானியத்தையும் சாதாரண கோதுமையையும் கண்டவர், அது இல்லாத வன்கோதுமையும் எங்கேனும் இருக்கவேண்டும் என எதிர்பார்த்தார். பின்னர் அது சைப்பிரஸ் தீவிலே கிடைத்தது.

1921ஆம் ஆண்டு பெத்ரோகிராட் நகருக்கு அழைக்கப்பட்டார். அந்நகரே பின்பு லெனின்கிராட் ஆயிற்று. இன்று சென் பீற்றர்ஸ்பேர்க். அவ்வாண்டிலே வொல்காப் பகுதியிற் பெரும் பஞ்சம். விதைநெல்லைத் தின்ற குடி அடுத்த ஆண்டு என் செய்யும் என்று நம் முன்னோர் அஞ்சுவதுண்டு. அங்கே விதைத் தானியமும் உணவாய்ப் போயிற்று. வவிலோவ் அமெரிக்கா சென்று விதைகளை வாங்கிவந்தார். அன்று தொடங்கிய சேகரிப்பு இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 250,000 விதைமாதிரிகளாகப் பெருகிற்று. உலகில் அதற்கு நிகரான விதைக் களஞ்சியம் அக்காலத்தில் வேறில்லை.

1924ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்திலே குதிரைச் சவாரியாய் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் சென்றார். பின்பு மத்தியதரைக் கடல் நாடுகள், எத்தியோப்பியா, சீனம், யப்பான், கொரியா, மெக்சிக்கோ. 1932ஆம் 1933ஆம் ஆண்டுகளிலே பெரு, பொலிவியா, பிறேசில், ஆர்ஜன்ரீனா முதலிய தென்னமெரிக்க நாடுகள். செல்லுமிடந்தோறும் சந்தைக்குப் போவார். கிழவியின் கடகத்தில் உள்ள அவரையைப் பிடியளவு வாங்குவார். அது விளைந்த வயல் எதுவென்று கேட்டு அங்கே நடப்பார். நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரமே உறங்கினார் என்று அவருடன் இருந்தோர் எழுதியிருக்கின்றனர்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் தாமோதரம்பிள்ளை அவர்களும் சாமிநாதையர் அவர்களும் நினைவுக்கு வந்தனர். ஏட்டுச்சுவடி தேடி ஊரூராய் அலைந்த அவர்களுக்கு ஒரு சுவடி கிடைத்தாற் போதாது. பாடபேதம் அறியப் பல சுவடி வேண்டும். நகரத்து மடத்திற் சிதைந்துபோன அடி, எவரும் அறியாத குக்கிராமத்துச் சுவடியிற் செம்மையாய் இருக்கும். நல்ல விளைவு தரும் வர்க்கம் ஒன்று இருக்க ஏன் மலைக்காட்டுப் புன்செய்ப் பயிரை எடுத்து வருகின்றார் என்று வவிலோவைக் கேட்டவர்களும் இருந்தனர். பாடபேதம் எதற்கு என்று எங்களைக் கேட்பவர்களும் இருக்கின்றார்கள்.

1926ஆம் ஆண்டில் ஐந்து பிறப்பிடங்களை வகுத்தவர் பின்பு அவற்றை எட்டாக விரித்தார். நிலக்கடலையை அவர் பிறேசில், பராகுவே நாடுகள் சார்ந்த பகுதிக்கு உரியதாக வைத்தார். இன்று அணுவணுவாய் ஆராய்ந்தோர் அதற்குச் சற்று மேற்கே, பொலிவியாவின் தென்பகுதியும் ஆர்ஜன்ரீனாவின் வடமேற்கும் சேருமிடத்தைக் காட்டுகின்றனர். அங்கே இரண்டு காட்டினங்கள் கலந்து, நிறமூர்த்தங்கள் இருமடங்காகி, நாற்பது நிறமூர்த்தங்களோடு நிலக்கடலை பிறந்தது. உலகெங்கும் நாம் உண்ணும் கச்சான் முழுவதும் அத்தகைய மிகச் சில பிறப்புகளின் வழித்தோன்றல். ஒரு சிறு குடும்பமே உலகெங்கும் பரவினால் அதன் குறையும் உடன் பரவும். நிலக்கடலை இலைநோய்க்கு இவ்வளவு எளிதில் ஆளாவதற்கு அதுவே பெருங்காரணம். மஞ்சட்பூப் பூத்துத் தானே கருவுற்று, விழுதாய் நிலத்துள் இறங்கிக் காய்க்கும் செடி அது; பிறசெடியின் மகரந்தம் பெரும்பாலும் அதனை அடைவதில்லை. ஆதலாற் புதிய குணம் எளிதில் வந்து சேர்வதில்லை.

வவிலோவின் வாழ்வு இருண்ட கதைக்கு இனி வருவோம். பயிர்விருத்தி மெதுவான தொழில். கலந்து, விதைத்து, தெரிந்து, மீண்டும் விதைத்து ஒரு வர்க்கத்தை உழவர் கையிற் கொடுக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும். ஸ்டாலினின் ஆட்சி அதை நாலைந்து ஆண்டுகளிற் செய்யுமாறு 1931ஆம் ஆண்டிற் கட்டளையிட்டது. கூட்டுப்பண்ணைகளாற் குலைந்த கிராமங்களிலே பஞ்சம் நிலவிய காலம். விரைவிற் சோறு வேண்டும் என்பது பொய்யான ஆவல் அன்று. அந்த ஆவலைத் தனக்கு ஏணியாக்கியவர் லைசென்கோ. விதையை ஈரப்படுத்திக் குளிரில் வைத்துப் பதப்படுத்தினாற் பயிரின் இயல்பையே மாற்றிவிடலாம் என்றும், மெண்டலின் பிறப்புரிமையியல் பயனற்ற பிறநாட்டுச் சரக்கு என்றும் அவர் சொன்னார். குடியானவர் மகன் என்ற பெருமையும், பத்திரிகைகளின் புகழும், அரசின் ஆதரவும் அவருக்கு இருந்தன.

இவ்விடத்தில் வவிலோவிடமும் ஒரு பிழையுண்டு என்பதை மறைத்தல் தகாது. தொடக்கத்தில் லைசென்கோவை உயர்த்தியவருள் அவரும் ஒருவர். அவர் செய்த குளிர்ப்பத முறை, வெவ்வேறு நாட்டுப் பயிர்களை ஒரே பருவத்திற் பூக்கவைத்துக் கலக்க உதவும் என்று நம்பிப் பாராட்டினார், மேடை கொடுத்தார். இளைஞன் ஒருவன் கிராமத்திலிருந்து எழுந்து வருகின்றான் என்று மகிழும் ஆசிரியர்க்கு வரும் பிழை அது. எனக்கும் அத்தகைய பிழை நேர்ந்ததுண்டாதலால் அவரைக் குறைகூற நா எழவில்லை. ஆனால் நாட்டுக்கு அதன் விலை பெரிது. 1936ஆம் ஆண்டு முதல் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். 1938ஆம் ஆண்டில் விவசாய விஞ்ஞானப் பேரவையின் தலைமை லைசென்கோவின் கைக்குப் போயிற்று. உடன் உழைத்தோர் ஒவ்வொருவராய்க் கைதாயினர். கொள்கையை மாற்றிக்கொண்டால் உயிரும் பதவியும் எஞ்சும் என்பது அவருக்குத் தெரியாததன்று. 1939ஆம் ஆண்டிற் கூடிய சபைகளிலும் பிறப்புரிமையியலை மறுத்துப் பேச அவர் இசையவில்லை.

1940ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி. மேற்கு உக்ரேனிலே கார்ப்பேதிய மலையடிவாரத்தில் மாணாக்கரோடு பயிர் தேடிச் சென்றிருந்தார். மாலையிலே கருநிறக் காரொன்று வந்து, மொஸ்கோவில் அவசர அலுவல் என்று சொல்லி அவரை ஏற்றிச் சென்றது. அவர் விட்டுப்போன பையை உடனிருந்தோர் பிரித்துப் பார்த்தனர். அன்று பகல் அவர் கொய்த பழங்காலக் கோதுமைக் கதிர்கள் அதனுள் இருந்தன. அவர் தம் கையாற் சேர்த்த இறுதி வித்து அது.

பதினொரு மாதகாலத்தில் ஏறத்தாழ 400 தடவை விசாரித்தார்கள். 1941ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி சில நிமிடங்களில் வழக்கு முடிந்தது, மரண தண்டனை. நாசவேலை செய்தார், ஆங்கிலேயருக்கு ஒற்றராயிருந்தார் என்பன குற்றங்கள். ஜெர்மானியப் படை மொஸ்கோவை நெருங்கவே ஒக்டோபரிற் கைதிகளைக் கிழக்கே கொண்டுசென்றனர். வவிலோவ் போய்ச் சேர்ந்த இடம் சராற்றோவ். தாம் இளம்பேராசிரியராய் வாய்பாடு கண்ட அதே நகரம். அங்கே நிலவறையொன்றில் அடைபட்டுக் கிடந்தபோதும், உடனிருந்த கைதிகளுக்குப் பயிர்களைப் பற்றிப் பல மணி நேரம் விரிவுரை செய்தார். அவர் மனைவியாரான எலேனா, தாமும் பயிர்விஞ்ஞானி, யுத்தத்தால் இடம்பெயர்ந்து மகனுடன் அதே சராற்றோவிலே வறுமையுற்று வாழ்ந்தார். கணவர் மொஸ்கோவில் இருக்கின்றார் என்றெண்ணித் தாம் மிச்சம்பிடித்த உணவைப் பொட்டலமாக்கி அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். சிறைக்கும் அவர் இருந்த வீட்டுக்கும் இடையே சில தெருக்களே.

அதே காலத்தில் லெனின்கிராட்டை ஜெர்மானியர் வளைத்துக்கொண்டனர். 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி தொடங்கிய முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. நகரத்தார் தோல்வாரையும் பசையையும் காய்ச்சிக் குடித்தனர். ஐசாக் தேவாலயச் சதுக்கத்தில் இருந்த வவிலோவின் நிறுவனத்திலோ தொன் கணக்கில் நெல்லும் கோதுமையும் சோளமும் அவரையும் பெட்டிகளில் இருந்தன. தலைவர் உயிரோடிருக்கின்றாரோ என்பதும் அங்கிருந்தோர்க்குத் தெரியாது. கடுங்குளிரிலே, எலிகளை இரவு பகலாய் விரட்டிக்கொண்டு, அவ்விதைகளை அவர்கள் காத்தனர். நெல்லுக்குப் பொறுப்பாயிருந்த இவானோவ் ஆயிரக்கணக்கான நெற்பொதிகளின் நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலைக்குப் பொறுப்பாயிருந்தவர் அலெக்சாண்டர் ஷ்சூக்கின். அவர் தம் எழுதுமேசையிலேயே இறந்தார். இவர்களைப்போல் இறந்தோர் இன்னும் பலர்.

ஷ்சூக்கினைப் பற்றிய இவ்விரண்டு வரிகளைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நெல்லையோ கோதுமையையோ சமைக்கவேண்டும். தீ வேண்டும், நீர் வேண்டும். கச்சானோ ஓட்டை உடைத்து வாயில் இட்டால் உணவு. எண்ணெயும் புரதமும் நிறைந்த உணவு. கைப்பிடியளவு போதும், ஒருநாள் உயிர் நிற்கும். அவற்றின் நடுவே இருந்த அவர், இது பெருவிலிருந்து வந்தது, இது பொலிவியாவிலிருந்து வந்தது, மீண்டும் கிடையாது என்று எண்ணியிருப்பாரோ, வேறென்ன எண்ணியிருப்பாரோ, யாரறிவார்.

வவிலோவின் மரண தண்டனை 1942ஆம் ஆண்டில் இருபதாண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் பிறநாட்டு உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அவர் எங்கே இருக்கின்றார் என்பது அச்சங்கத்தார்க்குத் தெரியாது. மாவுக் கஞ்சியும் உப்பிட்ட முட்டைக்கோவா இலையும் உண்டு உடல் நலிந்து, 1943ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி சராற்றோவ்ச் சிறை வைத்தியசாலையில் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. பொதுக்குழியிற் புதைத்தார்கள். தம்பி சேர்கே 1945ஆம் ஆண்டிலே, அதே ஸ்டாலினின் ஆட்சியில், விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக்கப்பட்டார். தமையனைக் கொன்றவர்களிடம் தம்பி அப்பதவியை ஏன் ஏற்றார் என்று கேட்பது எளிது. அவர் மறுத்திருந்தால் அது யார் கைக்குப் போயிருக்கும் என்பதையும் எண்ணவேண்டும். 1955ஆம் ஆண்டிலே வவிலோவ் குற்றமற்றவர் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிலக்கடலையின் மிச்சக் கதை அவர் காலத்துக்குப் பின்னே நடந்தது. இலைப்புள்ளிக்கு ஆளாகாத கச்சானைத் தேடியோர் அவர் சொன்னபடியே தென்னமெரிக்காவுக்குப் போயினர். பெரு நாட்டுக் கச்சான் சிலவற்றில் நோயைத் தாங்கும் தன்மை இருந்தது. ஆனால் அவற்றின் ஓடு தடித்தது, விளைவு குறைவு, முற்றுவதற்கும் நாட் செல்லும். நோய்க்குத் தப்பிய செடி வயிற்றை நிரப்பாவிடின் கமக்காரனுக்கு என்ன பயன்? பொலிவியாவிலே கிடைத்த காட்டினம் ஒன்றிலோ நோய் அணுகவே அஞ்சியது. அது இருபது நிறமூர்த்தமே உடையது. நாற்பதுடைய கச்சானோடு கலந்தால் முப்பதுடைய மலட்டுச் செடி பிறக்கும். 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவிலே அம்மலட்டுச் செடியின் நிறமூர்த்தங்களை மருந்தால் இருமடங்காக்கி, அறுபதுடைய செடியாக வளர்த்து, தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்து நாற்பதுக்கு இறக்கினர். பின்பு ஐதராபாத்துக்கு அருகே பத்தஞ்சேருவில் 1972ஆம் ஆண்டில் அமைந்த பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் அவ்வழிவந்த செடிகளை நல்ல விளைவு தரும் வர்க்கங்களோடு கலந்தனர். அந்த ஒரு காட்டுச் செடியின் கூறு ஏறத்தாழ முப்பது நாடுகளின் கச்சான் வர்க்கங்களிலே பரவியிருப்பதை 2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. எல்லா நோய்க்கும் அது மருந்தன்று. புள்ளிநோய் மெல்ல வரும், இலை பின்னரே உதிரும். அந்தப் பதினைந்து இருபது நாளிற் பருப்பு முற்றிவிடும்.

இவ்வளவையும் படித்தபின் என் மாணாக்கருக்குக் கடிதம் எழுதினேன். பச்சை மாறாத அவ்விரு செடிகளின் காயையும் தனித்தனியே வைத்திருக்கின்றாரா என்று கேட்டேன். நான் கேட்குமுன்னரே இரண்டு சிறு முட்டிகளில் இட்டுச் சாம்பல் கலந்து வைத்திருந்தார். நோய் தற்செயலாய் அவ்விடத்தைத் தவறவிட்டிருக்கலாம், உண்மையான தாங்குதன்மையாயும் இருக்கலாம், மீண்டும் ஊன்றிப் பார்த்தாலன்றித் தெரியாது என்று எழுதினேன். சென்ற ஐப்பசி மழைக்கு ஊன்றினார். முதல் முட்டிச் செடிகள் யாவும் அயற்செடிகளைப்போலவே புள்ளி கொண்டன. இரண்டாம் முட்டியிற் சில இன்னும் இலையோடு நிற்கின்றன என்று சென்ற கிழமை சொல்லி அனுப்பினார். அவற்றின் காயைப் பிடுங்கி மூன்றாவது முட்டியில் வைத்திருக்கின்றார். இன்னும் ஒரு மாரி போகட்டும் என்பது அவர் எண்ணம்.